சுத்தப்படுத்திய இருமல்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர், தன் கிளினிக் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'சின்னக் குழந்தைகளுக்கு வருவது ஆஸ்துமாவா, மூச்சுக்குழாய் அழற்சியா?' நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது. ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் நினைத்தது என்றைக்குத்தான் நடந்திருக்கிறது.

சும்மா நோட்டம் பார்க்கலாமே என்று கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்தேன். அப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. அடேயப்பா, என்ன இருமல் அது. அடிநெஞ்சிலிருந்து கிளம்பி, சளியைப் புரட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு சின்னச் சிணுங்கலோடு முடிந்தது. வரிசையில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்று உச்சுக்கொட்டினார்கள். கதவு திறந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, குதித்துக் குதித்து வெளியே வந்தது. பின்னாலேயே அதன் அப்பா, கடைசியாக அம்மா. தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தாள். இருமியது அவள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நோயாளி விஷயத்தை வெளியில சொல்ல மாட்டேன். நீங்க பேசாம கோட்டைப் போட்டு ரெண்டு பக்கமும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே இனி கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் என் கைச்சரக்கு, டாக்டரம்மா பேசுவது உட்பட. அவர் இதைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதியவற்றை மட்டும் அப்படியே அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.

(பென்சில்: கோடு எங்கே?)

2

முதல் தொடக்கம்: வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் குழந்தையை மார்போடு அணைத்தபடி, கலங்கிய கண்களுடன்

வேண்டாம். மழை வந்தால் பின்னாலேயே ஒப்பாரியும் வந்துவிடும். எனக்கு அன்றைக்கு அழுகிற மனநிலை இல்லை. இருமியது அம்மா என்று தெரிந்ததிலிருந்து உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு.

இரண்டாவது தொடக்கம்: நம் நுரையீரலுக்குள் காற்று செல்லும் குழாய்கள், தலைகீழாக நட்ட மரத்தைப் போலக் கிளை பிரிந்து

ஐயையோ. இது ஏதோ பாடப்புத்தகம். அடுத்த பக்கத்தில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லிவிடுவேன்.

மூன்றாவது தொடக்கத்தில் அம்மாவைப் பள்ளிக்கூட டீச்சராக வைத்தேன். நல்ல பெண்தான், ஆனால் ஒரு வரி நகரமாட்டேன் என்கிறாள். டீச்சருக்கு எதற்கு அவ்வளவு கச்சிதமாக இருமத் தெரிய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ஓடிய டிவியில் ஒரு கார்ட்டூன் அணில் தமிழில் விக்கிவிக்கி அழுதது. கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். வேறு யார், டப்பிங் பேசுகிறவள்தான்.

டீச்சருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். இனி இவளுக்குக் குரல்காரி என்று பெயர்.

3

குரல்காரி அந்த ஊரின் முக்கால்வாசிக் கார்ட்டூன் மிருகங்களுக்குத் தொண்டை கொடுப்பவள். கணவர் அதே ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு மறுபக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிற சவுண்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை 'மூச்சு விழுது'. மைக்குக்கு முன்னால் பேசும்போது மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் திரும்பப் பேச வேண்டும். அதனால் அவளுக்கு அழத் தெரியும், விக்கத் தெரியும், மலையிலிருந்து விழத் தெரியும். ஆனால் எதைச் செய்தாலும் இழுக்கிற மூச்சும் விடுகிற மூச்சும் வெளியே தெரியாது. தூக்கத்தில் குறட்டை விட்டால்கூட சுத்தமாக விடுவாள் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இந்தச் சமயத்தில் அவளுக்கு வந்திருந்தது வாடகைக்கு வீடு தேடும் ஓர் ஒட்டகச்சிவிங்கியின் வேடம். ஒட்டகச்சிவிங்கி எப்படிப் பேசும் என்று யாருக்குத் தெரியும்? வழக்கம்போல வீட்டு வாண்டிடம்தான் பரீட்சை. வாண்டு சிரித்தால் குரல் தேறியது, சிரிக்காவிட்டால் வேறு குரல்.

"எத்தனை பேர் குடிவர்றீங்க?" என்று வீட்டுச் சொந்தக்காரர் குரலில் கேட்டாள்.

"நான் ஒருத்தன்தாங்க. கழுத்து மட்டும் பின்னாடி தனியா வருது" என்று ஒட்டகச்சிவிங்கி குரலில் பதில் சொன்னாள்.

வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டது. உருண்டு சிரித்த சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. இருமலுக்கு நடுவே நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் வந்தது. குரல்காரி வாண்டை வாரி எடுத்தாள். முதுகைத் தடவினாள், மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். சற்று நேரத்தில் அடங்கியது. மறுநாள் வாண்டு சிரித்தது. மறுபடியும் அதே இருமல், அதே விசில்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புக்குத் தடை. சவுண்டுக்காரர்தான் சட்டம் போட்டார். "கொஞ்ச நாளைக்கு யாரும் பாப்பாவைச் சிரிக்க வைக்கக் கூடாது. நீயும்தான்." குரல்காரி ஒட்டகச்சிவிங்கியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். வாண்டு வெளியிலிருந்து கதவைத் தட்டி, "அம்மா, உள்ள யாரும்மா பேசறாங்க?" என்று கேட்டது. "யாரும் இல்லடா கண்ணு, தண்ணி வருது" என்றாள். ஊரான் பிள்ளைகளையெல்லாம் சிரிக்கவைக்கிறவள், பெற்ற பிள்ளைக்கு முன்னால் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு ஈரச் சுவரைப் பார்த்து நின்றாள். அப்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தம் வராமல் அழுதாள். தொழில் தெரிந்தவள்.

இங்கே நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இவள் நிஜமாகவே இவ்வளவு பயப்படுவாளா, இல்லை என் வசதிக்காகப் பயமுறுத்துகிறேனா? தெரியவில்லை. ஆனால் கதவைத் தட்டிய வாண்டை நான் யோசித்து எழுதவில்லை. அது தானாக வந்து தட்டியது. ஆகவே குளியலறை இருக்கட்டும்.

4

முதல் தடவை டாக்டரம்மாவிடம் போனபோது வாண்டு இருமவே இல்லை. வீட்டில் ஆட்டம் காட்டுகிற இருமல் டாக்டரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும், பெற்றவர்களுக்கு இது தெரியும். ஸ்டெதஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்த டாக்டரம்மா, "இப்ப நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. எப்படி இருமறா?" என்று கேட்டார்.

பொதுவாக இந்தக் கேள்விக்கு ஓர் அம்மா, "லொக்கு லொக்குன்னு" என்பாள். குரல்காரி நாற்காலியின் நுனிக்கு வந்தாள், தோளைக் குறுக்கினாள், மூன்று வயதானாள். நான் வெளியில் உட்கார்ந்து கேட்டது அதைத்தான். ஈரம் இருந்தது, சளி இருந்தது, சிணுங்கல்கூட இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த விசிலை அவள் தொண்டை தானாகவே விழுங்கிவிட்டது. அவளுக்கே அது தெரியாது.

"சளிக் காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?"

"முந்தின வாரம் மூக்கு ஒழுகிச்சு டாக்டர்."

"அப்ப அதோட தொடர்ச்சிதான். மூச்சுக்குழாய்க்குள்ள கொஞ்சம் வீக்கம், சளி. பிராங்கைட்டிஸ்னு சொல்லுவோம். பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக்கெல்லாம் தேவையில்ல. தண்ணி நிறையக் கொடுங்க, ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கிடும். அடங்கலைன்னாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ கூட்டிட்டு வாங்க."

(பென்சில்: பரவாயில்லை, இதை நான் சொல்லக்கூடியதுதான். ஆனால் மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று கண்டிப்பாகக் கேட்பேன்.)

கேட்டார், நான்தான் எழுதாமல் விட்டுவிட்டேன். "மூச்சு விடறப்ப சத்தம் வருதா?" என்று கேட்டதற்கு, கூடவே வந்திருந்த சவுண்டுக்காரர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் சுத்தமா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

வீடு வரும்வரை அவருக்கு வாயெல்லாம் பல். தானாகப் போய்விடும் என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள். வந்த விருந்தாளி நாலு நாளில் கிளம்பிவிடுவார் என்று தெரிந்தால் காபியைச் சிரித்த முகத்தோடு கொடுக்கலாம். விருந்தாளி கிளம்பவில்லை. சளி போனது, மூக்கொழுகல் போனது, ஆனால் வாண்டு மாடிப்படியில் ஓடினால் இருமியது, அடம்பிடித்து அழுதால் இருமியது, விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து இருமியது. கிளினிக்குக்குப் போன் செய்தார்கள். அடுத்த முறை இருமும்போது போனில் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா.

யாரிடம் போய் எதைச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

5

சவுண்டுக்காரர் போனில் பதிவு செய்வாரா? ஸ்டூடியோவிலிருந்து நல்ல மைக்கைக் கொண்டுவந்து கட்டிலருகே பொருத்தினார். விடியற்காலை இருமல் முழுதாகக் கிடைத்தது. பிறகு கம்ப்யூட்டரில் போட்டு உட்கார்ந்தார். ஃபேன் சத்தத்தை எடுத்தார். தெருவில் போன பால் வண்டியின் ஹாரனை எடுத்தார். பின்னணியில் ஏதோ விசில் மாதிரி லேசாக இரைந்தது, அதையும் எடுத்தார். மகளின் இருமல் பட்டுப்போல வந்தது.

கிளினிக்கில் டாக்டரம்மா அதை ஹெட்ஃபோனில் கேட்டார். மறுபடி கேட்டார். "என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவான இருமலை நான் கேட்டதில்ல" என்றார்.

"தாங்க்ஸ் டாக்டர்" என்றார் சவுண்டுக்காரர்.

"ஆனா ஒண்ணு. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவுல குழந்தை மூச்சே விடலையே. ஒரு சத்தமும் இல்ல."

"அங்க நாய்ஸ் இருந்துச்சு டாக்டர். சுத்தமா எடுத்துட்டேன்."

"என்ன நாய்ஸ்?"

"ஃபேன், ஹாரன், அப்புறம் சன்னமா ஒரு விசில் மாதிரி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். குரல்காரி கணவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். வாண்டு, எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள் குரல்காரி. "நானும் அன்னிக்கு அதை விட்டுட்டேங்க. இருமிக் காட்டறப்ப விசிலை விட்டுட்டேன். தினம் காதால கேட்டுட்டு, வாயில வரலைங்க."

பிள்ளையின் மூச்சில் ஏதோ சரியில்லை என்று சொல்லவந்த ஒரே சத்தத்தை, அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு பக்கம் நின்று துடைத்து எடுத்துவிட்டு, சுத்தம் என்று கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, அவள் தோளில் கைவைத்து உட்காரவைக்க வேண்டும் போலவும் இருக்கிறது. ஆனால் நான் கதவுக்கு வெளியே அல்லவா இருக்கிறேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. (பென்சில்: திட்டுவதில்லை. மனசுக்குள் வைத்துக்கொள்வேன்.) அடுத்த கேள்விக்குப் போனார். "உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாருக்காவது இளைப்பு, மூக்கடைப்பு, தோல் அரிப்பு, தூசி ஒத்துக்காம இருக்கறது, இப்படி?"

"எங்க பக்கத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. வேணும்னா இவ அக்காவுக்கு" என்று ஆரம்பித்தார் சவுண்டுக்காரர்.

"எங்க அக்காவை எதுக்கு இழுக்கறீங்க? அவ நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு."

"எங்க வீட்ல எல்லாருமே இரும்பு டாக்டர்" என்று அவர் முடிப்பதற்குள், மேலே இருந்த ஏசியிலிருந்து என்ன தூசி இறங்கியதோ, ஹச் என்று ஒரு தும்மல். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, நிற்கவே நிற்காமல். ஒவ்வொரு தும்மலுக்கும் நாற்காலி சக்கரம் கொஞ்சம் பின்னால் உருண்டது. தும்மித் தும்மியே மனுஷர் சுவர்வரை போய்விட்டார்.

"இது எத்தனை வருஷமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இது, ஹச், வெறும் தூசிதான் டாக்டர்."

"அதைத்தானே நானும் கேட்டேன்."

எடை மிஷின்மேல் நின்றிருந்த வாண்டுக்கு, அப்பா உருண்டு உருண்டு சுவரில் மோதியதைப் பார்த்துத் தாங்கவில்லை. தடை, சட்டம் எல்லாம் காற்றில் போயிற்று. கெக்கெக்கெக்கென்று சிரித்தது. சிரிப்பு இருமலானது. குரல்காரி பாய்ந்து தூக்கிக்கொண்டாள். டாக்டரம்மா அதற்குள் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, குழந்தையின் முதுகில் வைத்துவிட்டார்.

யாரும் துடைக்காத விசில். மூச்சு வெளியே வரும்போதெல்லாம் வந்தது.

உருளை மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் ஒரு முனையில் குழந்தை முகத்துக்குப் பொருந்துகிற மூடி, மறுமுனையில் இன்ஹேலர். டாக்டரம்மா மருந்தை அழுத்தினார், வாண்டு பெரிய கண்களோடு மூச்சை இழுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஸ்டெதஸ்கோப் வைத்தார். "கேட்டுப் பாருங்க" என்று குரல்காரியின் காதில் மாட்டினார். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. விசில் இல்லை. இத்தனை காலம் வேண்டாத சத்தம் என்று ஒதுக்கிய மூச்சை, அவள் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

6

(பென்சில்: இந்த இடத்தில் இதைச் சேர்க்காவிட்டால் கதையைத் தரமாட்டேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, பேசவோ குடிக்கவோ முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, இருமிக் காட்டிக்கொண்டும் பதிவு செய்துகொண்டும் இருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.)

சேர்த்துவிட்டேன். கதை தொடர்கிறது.

"அப்ப ஆஸ்துமாவா டாக்டர்?" சவுண்டுக்காரரின் குரல் உள்ளே போயிருந்தது. "அந்த வார்த்தை மட்டும் வேண்டாமே. பிராங்கைட்டிஸ்னே வச்சுக்கலாமே."

"நீங்களும் நானும் பேசி முடிவு பண்ற விஷயமா இது? பிராங்கைட்டிஸ் ஒரு தடவை வரும், சளியோட வரும், போயிடும். இவளுக்குத் திரும்பத் திரும்ப வருது, ஓடினா வருது, சிரிச்சா வருது, விடியக்காலையில வருது. அப்பாவுக்குத் தூசி ஒத்துக்கல. மருந்து கொடுத்தா மூச்சுக்குழாய் திறக்குது. எல்லாம் ஒரு பக்கமாத்தான் கை காட்டுது."

"அப்ப அதுதானா?"

"இந்த வயசுல அடிச்சுச் சொல்ல மாட்டேன். மூச்சை அளக்கற மிஷின்ல ஊதிப் பார்க்கற அளவுக்கு வளரணும். சில குழந்தைங்களுக்குச் சளி பிடிக்கறப்ப மட்டும் இப்படி வந்து, வளர வளரப் போயிடும். சிலருக்குக் கூடவே இருக்கும். தினமும் ஒரு மருந்து தர்றேன், கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்போம்."

"இன்ஹேலர் பழகிடுமே டாக்டர்."

"சோறு பழகலையா? தேவைப்படறவரைக்கும் போடப்போறோம், அவ்வளவுதான்."

பெயர் எதுவானால் என்ன, குரல்காரிக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். "டாக்டர், நான் இவளைச் சிரிக்க வைக்கலாமா, கூடாதா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "சிரிக்காம இருக்கறதுக்கு எதுக்கும்மா மருந்து? இவ நல்லா ஓடணும், நல்லா சிரிக்கணும். அதுக்குத்தான் தர்றேன். சிரிச்சா இருமல் வருதுன்னா மருந்து போதலைன்னு அர்த்தம். என்கிட்ட வாங்க, மாத்தித் தர்றேன். சிரிப்பை நிறுத்தாதீங்க."

(பென்சில்: இதை நான் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் சொல்லப்போகிறேன்.)

7

இப்போது முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். தினசரி மருந்து தவறாமல் போயிருக்கிறது. சவுண்டுக்காரர் வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்து, தும்மி, மறுபடி துடைத்திருக்கிறார். இன்ஹேலரும் குழாயும் மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குரல்காரி கூடத்துத் தரையில் வாண்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆயிரம் பேர் கேட்கப் பேசியவள், இங்கே ஆரம்பிக்க அனுமதிக்குக் காத்திருக்கிறாள். கணவரைப் பார்க்கிறாள். அவர், ஸ்டூடியோவில் செய்வதைப்போலக் கையைத் தூக்கி, ஆரம்பி என்று சைகை காட்டுகிறார்.

"ஐயா, வீடு காலியா இருக்குன்னு போர்டு பார்த்தேன். உங்க மாடியில ஒரு ஜன்னல் திறந்திருந்தாப் போதும், தலையை அங்க வச்சுக்கறேன். வாடகையைக் கால்கிட்ட வாங்கிக்கோங்க."

முதல் முடிவில் வாண்டு சிரிக்கிறது. உருண்டு, புரண்டு, மூச்சு முட்டச் சிரிக்கிறது. அப்பாவும் அம்மாவும் இருமலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். வருவது சிரிப்பு மட்டும்தான். வாண்டு எழுந்து உட்கார்ந்து சொல்கிறது

இரண்டாவது முடிவில் வாண்டு சிரிக்கிறது, பாதியில் இருமுகிறது, விசில் வருகிறது. குரல்காரி பதறவில்லை என்று எழுத ஆசைதான். பதறுகிறாள், ஆனால் கை சரியான வேலையைச் செய்கிறது. மூடியை முகத்தில் வைக்கிறாள், மருந்தை அழுத்துகிறாள், மூச்சை எண்ணுகிறாள். நெஞ்சு மெல்லத் திறக்கிறது. அவள் நாளைக்கே டாக்டரம்மாவிடம் போக வேண்டும் என்று நினைக்கிறாள், இன்றோடு ஒட்டகச்சிவிங்கி போதும் என்றும் நினைக்கிறாள். வாண்டு மூடியைத் தள்ளிவிட்டுச் சொல்கிறது

டாக்டரம்மாவிடம் இரண்டையும் காட்டி எது சரி என்று கேட்டேன். (பென்சில்: ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.) அதனால் தேர்ந்தெடுக்கிற வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். வாண்டு சொல்வதை மட்டும் நான் இரண்டிலும் பாதியில் விட்டிருக்கிறேன். எத்தனை தடவை மாற்றி எழுதிப் பார்த்தாலும், எந்த முடிவில் இருந்தாலும், அது அம்மாவின் முழங்காலைப் பிடித்து உலுக்கிக்கொண்டு ஒன்றையேதான் சொல்கிறது:

"அம்மா, இன்னொரு தடவை."